விழுந்ததுதான் நமக்கு

கர்ணன் ஒரு விசேஷ வீட்டுக்குள் நுழைந்தால் அவர் கண் முதலில் தேடுவது கக்கூஸை. அது எந்த மூலையில் இருக்கிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, வாளியில் தண்ணீர் கிடக்கிறதா என்பதெல்லாம் தெரிந்தால்தான் மனுஷனுக்கு மூச்சு நேராக வரும். மாப்பிள்ளை யார், பெண் யார் என்ற விசாரணையெல்லாம் அப்புறம்தான். அதுவும் அவர் விசேஷங்களுக்குப் போய்வந்த காலத்துக் கதை. பிற்பாடு அதையும் விட்டுவிட்டார். பெண்டாட்டியை மட்டும் அனுப்பிவிட்டு முருங்கைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு நிற்பார்.

கடமலைக்குண்டில் அவருக்குத் தலைக்கனம் என்று பேர். "நல்லது கெட்டதுக்கு வராத ஆளு என்னத்துக்கு ஆகும்?" என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்கள். கேட்கத்தான் செய்வார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

பெண்டாட்டி அனுசுயாவுக்குத்தான் தெரியும், தலைக்கனமும் இல்லை ஒன்றும் இல்லை, எல்லாம் வயிறு. தோட்டத்தில் நாள் முழுக்க மண்வெட்டி பிடிப்பார், ஒன்றும் செய்யாது. அதே மனுஷனை வெள்ளை வேட்டி கட்டி பஸ்ஸில் ஏற்றினால் கண்டமனூர் வருவதற்குள் முகம் வெளுத்து, நெற்றியில் முத்து முத்தாக வியர்த்து, "அனுசுயா, எறங்கிருவோம்" என்பார். எத்தனையோ பயணம் கண்டமனூரோடு முடிந்திருக்கிறது. அவர் எங்கேயாவது மறைவு தேடிப் போக, அவள் பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பாள்.

தேனியில் பெரிய டாக்டரைப் பார்த்தார்கள். குழாய் விட்டுப் பார்த்தார். "குடல்ல புண்ணு இல்ல, கட்டி இல்ல. உங்க குடலுக்குக் கொஞ்சம் பயந்த சுபாவம், நீங்க பதறினா அதுவும் பதறுது" என்று சிரித்த முகமாகத்தான் சொன்னார். மாத்திரையும் கொடுத்தார். மாத்திரை கேட்டது, இல்லை என்று சொல்லக்கூடாது. ஆனால் வாய் காய்ந்து, கண் சொருகி, ஒரு நாள் மடை திறந்துவிட்டு வரப்பிலேயே தூங்கிவிட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரன் வந்து ஏச்சு ஏசிவிட்டுப் போனான். அதோடு மாத்திரை பரணில் ஏறியது.

அதற்குப் பிறகுதான் அனுசுயா வில்வத்தைக் கையில் எடுத்தாள்.

மரம் அவர்கள் தோட்டத்திலேயே இருந்தது. மூல வைகை ஓரமாகத் தோட்டம் முடிகிற இடத்தில் பெரிய வில்வமரம். அடியில் ஒரு கல். அதைச் சிவன் என்று கும்பிடுவார்கள். அந்தப் பக்கத்தில் வில்வத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. தானாக விழுந்த பழத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மரத்தில் இருக்கிற காயைத் தொடக்கூடாது. "விழுந்ததுதான் நமக்கு, தொங்குறது சாமிக்கு" என்பார்கள். கர்ணனுக்கு வழக்கத்துக்கு மேல் ஒரு நேர்த்திக்கடனும் இருந்தது. மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்து தேனி ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, மாற்றுத்துணி எடுக்க வந்தவர் நேரே இந்த மரத்தடிக்குப் போய் நின்று, "பிள்ள வீடு வந்து சேரட்டும் சாமி. என் ஆயுசுக்கும் இந்த மரத்துல ஒரு பச்சக்காய் பறிக்க மாட்டேன், கத்தி வைக்க மாட்டேன்" என்று நேர்ந்துகொண்டார். பிள்ளை வீடு வந்து சேர்ந்தது. சிம்ரன் என்று பேர் வைத்தார்கள். அந்த வருஷம் பிறந்த பெண் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்தப் பேர்தான்.

அனுசுயாவின் பிறந்த ஊர் ஜெயமங்கலம். அங்கே வயிறு சரியில்லை என்றால் வில்வம் என்று எல்லோரும் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். எப்படி, எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன, கை இருக்கிறது, மிக்ஸி இருக்கிறது, சோதித்துப் பார்க்க வீட்டிலேயே ஒரு வயிறு இருக்கிறது.

சித்திரையில் விழுந்து கிடந்த பழங்களை ஒரு சாக்கு பொறுக்கினாள். ஓடு தேங்காய்ச் சிரட்டை மாதிரி. அரிவாளின் பின்பக்கத்தால் தட்டி உடைத்தால் உள்ளே மஞ்சள் சதையும் பிசினுமாகக் கமகமவென்று மணம். பாதியைச் சர்பத் போட்டாள். மீதியைத் துண்டு போட்டு நிழலில் காயவைத்துத் தகர டின்னில் அடைத்தாள். சர்பத் குடித்த அன்று கர்ணன் கொல்லைக்கும் வீட்டுக்கும் நடந்தே செருப்பைத் தேய்த்தார். "மாம்பழம் தின்னீக, அதோட வேல" என்றாள் அனுசுயா. "நான் எங்கடி மாம்பழம் தின்னேன்?" என்றார் அவர். பலாச்சுளை தின்றிருக்கலாம் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள்.

ஆடியில் காற்று ஆரம்பித்தது. மேற்கே மலை இடுக்கு வழியாகப் புறப்பட்டு வருகிற அந்தக் காற்று இந்தப் பள்ளத்தாக்கில் யாரையும் சும்மா விடாது. தென்னை மட்டையைப் பிய்க்கும், முருங்கையை முறிக்கும், குடத்தைத் தலையிலிருந்து உருட்டும். ஆவணி வரைக்கும் அந்த ஆட்டம்தான். காற்று ஓய்ந்த ஒரு காலையில் அனுசுயா மரத்தடியில் போய்ப் பார்த்தால், பச்சைப் பச்சையாக எலுமிச்சைப் பருமனும் அதற்குக் கொஞ்சம் மேலுமாகக் காய்கள் இறைந்து கிடந்தன. விழுந்ததுதான் நமக்கு. வாரிக்கொண்டு வந்தாள். வில்லை வில்லையாக நறுக்கிக் காயவைத்து, மிக்ஸியில் அடித்து, துணியில் சலித்து, கொஞ்சம் சுக்கும் வறுத்த ஓமமும் சேர்த்தாள். காலையில் வெறும் வயிற்றில் மோரில் கலக்கிக் கொடுத்தாள். முதலில் வெல்லம் போட்டுக் கொடுத்தாள், சரிப்படவில்லை. வெந்நீரில் கொடுத்தாள், குமட்டுகிறது என்றார். புளிக்காத மோர்தான் பொருந்தியது.

புரட்டாசி பிறந்தபோது கர்ணன் பெரியகுளம் வரைக்கும் ஒரு சாவுக்குப் போய்விட்டு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சத்தம் போட்டார்.

"ஏத்தா அனுசுயா! கண்டமனூர்ல எறங்கல!"

"நெசமாவா?"

"எறங்கலங்கேன். ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே போனேன். அந்தக் கருவேலங்காட்டப் பாக்கப் பாக்கச் சிரிப்பா வந்துச்சு."

சாவு வீட்டுக்குப் போய்விட்டு இவ்வளவு சந்தோஷமாக வந்த ஆளை அனுசுயா அன்றுதான் பார்த்தாள்.

அந்தத் தைரியத்தில்தான் சிம்ரனுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அவள் ஆண்டிபட்டியில் ஒரு மில் ஆபீஸில் வேலை பார்த்தாள். மாப்பிள்ளை சசிதரன் கம்பத்துக்காரன், ஏலக்காய்க் கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். நல்ல பையன், கொஞ்சம் வழுக்கை. "தலையில முடி போனா என்ன, மனசுல ஈரம் இருக்கா பாரு" என்றாள் கர்ணனின் அக்காள் இருளம்மாள். அடுத்த வீட்டிலேயே குடியிருப்பவள். தம்பி வீட்டுக்கும் சேர்த்து அதிகாரம் செய்பவள். கர்ணன் கம்பம் போய், மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட்டு, ஒரு தடவைகூட எழுந்திருக்காமல் நிச்சயம் பேசி முடித்தார். தையில் கல்யாணம், கம்பத்தில் மண்டபம் என்று முடிவானது.

அதற்குள் பொடியின் பேர் ஊருக்குள் பரவிவிட்டது. முருங்கை ஒடிக்க வருகிற பெண்கள், "அக்கா, எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு பொட்டலம்" என்று வந்தார்கள். கேட்டால் இல்லை என்று சொல்ல அனுசுயாவுக்கு வாய் வராது. உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது, அதை ஏன் மறைக்க? மல்லித்தூள் அரைத்தவளை யாரும் மதிப்பதில்லை. மருந்து அரைத்தவள் என்றால் தெருவில் ஒரு மரியாதைதான். அள்ளி அள்ளிக் கொடுத்தாள். கார்த்திகைக் கடைசியில் ஆவணிப் பொடி டப்பா காலியானது. போனால் என்ன, சித்திரையில் காயவைத்த டின் முழுசாக இருக்கிறதே என்று அதை எடுத்து அரைத்தாள்.

மார்கழி பிறந்து ஜவுளி எடுக்கத் தேனிக்குக் கிளம்பினார்கள். கர்ணன் புதுச் சட்டை போட்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். கண்டமனூர் வந்தது. அவர் திரும்பி அனுசுயாவைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. "நீங்க போங்க" என்று இறங்கினார். இருளம்மாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏலே கர்ணா, நில்லுறா" என்று கத்தினாள். அவர் காதில் வாங்கவே இல்லை. பாதி வழியில் இறங்கியவர் வீட்டுக்கு நடந்தே வந்துசேர்ந்தார் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது.

கூரைப்புடவையைப் பிரித்துக் காட்ட உட்கார்ந்தபோது கர்ணன் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"அண்ணன ஒக்காரச் சொல்லிருவோம்" என்றார்.

அண்ணன் என்றால் முத்துவீரன், வருசநாட்டில் இருக்கிற பெரியப்பா மகன். அவர்கள் வழக்கத்தில் பெண்ணின் தகப்பன்தான் மணையில் உட்கார்ந்து, மாப்பிள்ளை கையில் பெண் கையை வைத்துத் தண்ணீர் ஊற்றித் தாரை வார்க்க வேண்டும். விநாயகர் பூஜையில் உட்கார்ந்தால் தாலி கட்டித் தாரை முடியும்வரை எழுந்திருக்கக்கூடாது. தகப்பன் இல்லாத பெண்ணுக்குத்தான் பெரியப்பா சித்தப்பா உட்காருவது.

"அவரு எதுக்கு?" என்றாள் சிம்ரன்.

"பாதியில நான் எந்திரிச்சு ஓடுனா நல்லா இருக்குமாத்தா? வீடியோ எடுப்பாக. கம்பத்துக்காரக என்ன நெனப்பாக? ஒனக்கு ஆயுசுக்கும் அந்தப் பேச்சு."

"அப்பா இருக்கையில பெரியப்பா ஒக்காந்தா மட்டும் பேச மாட்டாகளா?"

"ஒடம்புக்கு முடியலன்னு சொல்லிக்கலாம். நான் மண்டபத்துக்கு வெளிய நிக்கேன். தாலி கட்டுறதக் கதவுப் பக்கம் நின்னு பாத்துக்கிறேன்."

சிம்ரன் புடவையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். கோபத்தில் அவளுக்குச் சத்தமே வராது, அது கர்ணனின் சுபாவம். "நீ ஒக்காரலன்னா நான் மணை ஏற மாட்டேம்ப்பா. எனக்கு அப்பன் உசுரோட இருக்காரு" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

கர்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவர் கண் கலங்கியிருந்ததை அனுசுயா பார்த்தாள்.  நம்ம பொடி குடித்துத்தானே மனுஷன் துணிந்தார், நம்ம பொடியே கழுத்தறுத்துவிட்டதே என்று உட்கார்ந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் மிச்சத் துண்டுகளை அரைக்கப் போட்டாள். மிக்ஸி திணறியது. பிளேடில் பாகு மாதிரி அப்பிக்கொண்டது. கரண்டியால் சுரண்டி எடுத்தாள். விரலில் ஒட்டியதை நக்கிப் பார்த்தால் தித்திப்பு. ஆவணியில் அரைத்தபோது இப்படி ஒட்டவில்லையே, அரிசிமாவு மாதிரி உதிர்ந்ததே, நாக்கில் வைத்தால் துவர்த்ததே என்று அப்போதுதான் உறைத்தது. அதே மரம், அதே வெயில், அதே கை. இது பழுத்து விழுந்தது. அது காற்றில் விழுந்தது. பழம் இளக்குகிறது, காய் கட்டுகிறது. சித்திரையில் சர்பத் குடித்துவிட்டு அவர் பட்ட பாடும் ஞாபகம் வந்தது. பாவம், மாம்பழத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டேனே என்று அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

தேனிக்குப் போய் நாட்டு மருந்துக்கடையில் வில்வப்பொடி கேட்டாள்.

"இது காயில செஞ்சதா, பழத்துல செஞ்சதாண்ணே?"

"மூட்டையா வருதுக்கா. நான் என்னத்தக் கண்டேன்? நல்லா ஓடுற சரக்கு."

ஓடுகிற சரக்குத்தான் அவளுக்கு வேண்டாமே. இருந்தாலும் வாங்கிவந்து கொடுத்தாள். கெடுதலும் செய்யவில்லை, நல்லதும் செய்யவில்லை. மக்கிப்போன பொடி. ஊர்ச் சிவன் கோயில் வில்வத்தில் காய் இருந்தது. பூசாரி பிச்சைமணியிடம் கேட்டதற்கு, "காய் பறிக்கவா? ஏன்த்தா, நீயா கேக்க?" என்று வாயில் கைவைத்துக்கொண்டார்.

கடைசியில் அவள் தன் தோட்டத்து மரத்தடியிலேயே போய் நின்றாள். மார்கழி மாதம். பெருங்காயாகத் திரண்டு, பச்சையாக, கைக்கெட்டும் கிளையிலிருந்து உச்சி வரைக்கும் தொங்கியது. ஒரு இலைகூட அசையவில்லை. ஆவணியில் வேண்டாம் வேண்டாம் என்றாலும் வீசிய காற்று எங்கே போய்த் தொலைந்ததோ.

இருளம்மாளிடம் சொல்லாமல் முடியாது. சொன்னாள். அவள் வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பறிக்கப் போறியாக்கும்?"

"வேற வழி தெரியல மதினி."

"அடி கூறுகெட்டவளே! அவன் யாருக்காக நேந்தான்? இந்தப் பிள்ளைக்காக. மணை ஏறப் போற நேரத்துல மொறிச்சிட்டு, நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா?"

"அந்தப் பயம் எனக்கு இல்லையா மதினி? பெத்தவ நானு. ராத்திரியெல்லாம் அதத்தேன் நெனைக்கேன். அவ மணை ஏற மாட்டேங்கா, இவுக ஒக்கார மாட்டேங்காக. நடுவுல கெடந்து நான் என்ன செய்ய? நேந்தது அவுகதான? நான் நேரலையே. நான் பறிச்சா அந்தப் பாவம் எனக்குத்தேன்."

இருளம்மாள் எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். வந்தவள் முகத்தில் ஒரு யோசனை.

"பறிக்காத. ஆட்டுவோம்."

"என்னது?"

"மரத்த ஆட்டுவோங்கேன். ஆட்டுனா விழும். விழுந்ததுதான நமக்கு? காத்து செய்யாதத நம்ம செய்வோம். கையால பறிச்சாத்தான பறிச்ச கணக்கு."

"சாமிக்கு இது தெரியாதா மதினி?"

"தெரிஞ்சா தெரியட்டும். நம்ம கை பறிக்கலன்னு வாதாடலாம்ல."

மறுநாள் கர்ணன் தண்ணீர் பாய்ச்ச மேல் பாத்திக்குப் போன நேரமாகப் பார்த்து ரெண்டு பேரும் மரத்தடிக்குப் போனார்கள். பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. கல்லுக்குச் சூடம் காட்டிவிட்டு, சேலையை இழுத்துச் செருகி, மரத்தில் கை வைத்தார்கள். "ஏலேலோ போடவா?" என்றாள் இருளம்மாள். "சும்மா வாங்க மதினி." தள்ளினார்கள். தோள் கொடுத்துத் தள்ளினார்கள். பழைய மரம். இவர்கள் தள்ளி அசைய அது என்ன தட்டிக் கதவா? தாழ்ந்த கிளையைப் பிடித்துத் தொங்கி உலுக்கினார்கள். பனித்தண்ணீர் கொட்டித் தலை நனைந்தது. இலை உதிர்ந்தது. கிளையில் இருந்த மைனா ஒன்று இவர்களை வைதுவிட்டுப் பறந்தது. காய் ஒன்றுகூட விழவில்லை. பச்சைக்காய் அவ்வளவு லேசில் காம்பை விடுமா? ஆவணிக் காற்றுக்குத்தான் அந்தப் பலம்.

"இன்னொரு தரம்" என்றாள் இருளம்மாள் மூச்சு வாங்க. அனுசுயா கிளைக்குள் கையை விட்டு எட்டி இழுத்தாள். வில்வத்துக்கு முள் உண்டு, விரல் நீளத்துக்கு. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கிழித்துவிட்டது. "ஆத்தாடி" என்று உட்கார்ந்துவிட்டாள். ரத்தம் கோடு போட்டு இறங்கியது. அப்போதுதான் ரெண்டு பேரும் பார்த்தார்கள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கர்ணன் வரப்பில் நிற்கிறார்.

"என்ன நடக்குது இங்கன?"

இருளம்மாள் முந்திக்கொண்டாள். "சாமி கும்பிட வந்தோம்டா."

"மரத்தப் பிடுங்கியா கும்பிடுவாக?"

அனுசுயாவுக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டின்னில் இருந்தது பழம் என்பதையும், டப்பாவில் இருந்தது காற்றில் விழுந்த காய் என்பதையும், மிக்ஸியில் ஒட்டியதையும், பூசாரி வாயில் கை வைத்ததையும் சொன்னாள். "பொடிய மாத்திக் குடுத்தது நானு. ஒங்க மேல தப்பு இல்ல. ஒங்க வயித்து மேலயும் தப்பு இல்ல. நான் பறிச்சிக்கிறேன். நீங்க பாக்காத மாதிரிப் போயிருங்க. எது வந்தாலும் எனக்கு வரட்டும்."

கர்ணன் மண்வெட்டியைக் கீழே வைத்தார். தலைத்துண்டை அவிழ்த்து அவள் கையில் சுற்றிக் கட்டினார். 

"ஒனக்கு வரட்டும்ங்கிறியே. ஒனக்கு வந்தா அது எனக்கு வந்ததாகாதாக்கும்" என்றார். "வாய் விட்டுக் கேட்டது நானு. மொறிக்கிறதா இருந்தாலும் நான்தேன் மொறிக்கணும். பொம்பளைக ரெண்டு பேரு முள்ளுல கெடக்க, நான் பாக்காத மாதிரிப் போகவா?"

"வேணாம்டா தம்பி, பிள்ளைக்கு ஆகாது" என்றாள் இருளம்மாள்.  

கர்ணன் கல்லுக்கு முன்னால் போய் நின்றார். கும்பிட்ட கை மார்போடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"சாமி, அன்னைக்கு எம் பிள்ள வீட்டுக்கு வரணும்னு கேட்டேன். குடுத்த. இன்னைக்கு வரைக்கும் நான் வாக்கு மாறல. இப்ப அவ வேற வீட்டுக்குப் போறா. ஒக்காந்து அனுப்பி வைக்கணும்னு பிரியப்படுறேன். கதவுப் பக்கம் நின்னு பாக்க மனசு கேக்கல. அதுக்குத்தேன் கை வைக்கேன். குத்தம்னா என் கணக்குல எழுது. பிள்ள மேல வைக்காத. நீயும் பிள்ளைக்காரந்தான."

சொல்லிவிட்டு எட்டி ஒரு காயைப் பிடித்துத் திருகினார். வரவில்லை. இன்னொரு தரம் திருகினார். காம்பு முறிந்த சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது. ஒன்றும் நடக்கவில்லை. மேல் பாத்தியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, ரோட்டில் பால் வண்டி ஹாரன் அடித்துப் போனது. கர்ணன் கையில் காயை வைத்துக்கொண்டு நின்று, சின்னப் பிள்ளை மாதிரி விம்மி அழுதார். அனுசுயாவும் அழுதாள். இருளம்மாள் மட்டும் மூக்கைச் சிந்திவிட்டு, "அழுதது போதும். பறிச்சதுதான் பறிச்ச, ஒரு மடி பறிச்சிரு. ஒண்ணுன்னாலும் குத்தம்தேன், ஒரு மடின்னாலும் குத்தம்தேன்" என்றாள்.

தேவைக்கு மேல் அவர் பறிக்கவில்லை. அனுசுயா அதை உடைக்கப் பட்ட பாடு பெரும் பாடு. பெருங்காய், ஓடு கல்லாக இருந்தது. அம்மிக்கல்லில் போட்டுக் குழவியால் அடித்துப் பிளந்தாள். நறுக்கி, நிழலில் உலர்த்தி, பனிக்காலம் என்பதால் அடுப்புக்கு மேலே சுளகில் வைத்துக் காயவைத்து, அரைத்துச் சலித்தாள். மாவாக உதிர்ந்தது. நாக்கில் வைத்தாள், துவர்த்தது. அவளுக்கு உயிர் வந்தது. ஒரு பொட்டலம்கூட யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டவர்களிடம், "கல்யாணம் முடியட்டும், ஆவணிக் காத்து வரட்டும்" என்றாள். பொங்கலுக்குள் கர்ணன் வயிறு அடங்கிவிட்டது. ஆனாலும் மனசு அடங்கவில்லை. சிம்ரன் தும்மினால்கூட அவர் திடுக்கிட்டு எழுந்து, "என்னத்தா?" என்று கேட்டார். காய் பறித்ததை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முதல்நாள் வேனில் கிளம்பினார்கள். கண்டமனூர் போனது. தேனி போனது. வீரபாண்டி தாண்டும்போது கர்ணன், "டிரைவர் தம்பி, வண்டிய நிறுத்து" என்றார்.

பாட்டுச் சத்தம் நின்றது.  சிம்ரன் அம்மாவின் கையை இறுகப் பிடித்தாள். கர்ணன் திரும்பிப் பார்த்து, "ஏன் எல்லாரும் இப்பிடி முழிக்கீக? டீ குடிப்போம்னுதேன். வழியில எறங்கி டீ குடிச்சு எம்புட்டுக் காலமாச்சு" என்றார். இருளம்மாள் அவரை வைத வசவை இங்கே எழுத முடியாது.

கம்பத்தில் மண்டபம் நிறைந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா மலைமேல் ஏலத்தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். பந்தியில் இட்லி வைக்க வைக்க, "மதி, மதி" என்று மலையாளத்தில் போதும் சொல்லி இலையை மறைத்தாள். கர்ணன் காலையில் மோர் குடித்ததோடு சரி. முகூர்த்தத்துக்கு முன்பே பட்டு வேட்டி கட்டி மணையில் போய் உட்கார்ந்தார். கக்கூஸ் எங்கே என்று யாரிடமும் கேட்கவில்லை. அனுசுயா பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் வியர்வை இருந்தது. அது ஹோமப்புகையா, வேறா என்று அவளுக்குத் தெரியவில்லை. முந்தானையால் ஒற்றிவிட்டாள்.

தாலி ஏறியது. மேளம் அடங்கியதும் தாரை. கர்ணன் மகள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தார். அனுசுயா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். மூன்று கைகளின் மேலும் வழிந்து தாம்பாளத்தில் விழுந்தது. சசிதரன் குனிந்தபோது வழுக்கையில் அட்சதை ஒட்டிக்கொண்டு நின்றது.

"பொண்ணோட அப்பா எந்திரிக்கலாம்" என்றார் ஐயர்.

கர்ணன் எழுந்திருக்கவில்லை.

"எந்திரிங்கோ. பொண்ணு மாப்பிள்ளை அக்னிய வலம் வரணும்."

அவர் அசையவில்லை. வீடியோக்காரன் விளக்கை இன்னும் கிட்டக் கொண்டுவந்தான். மேடைக்குக் கீழே முத்துவீரன் எழுந்து நின்றுவிட்டார். அனுசுயா செம்பைக் கீழே வைத்தாள். அவர் காதருகே குனிந்தாள்.

"என்னங்க, கலக்குதா? பையச் சொல்லுங்க. பின்னாடி வழி இருக்கு, நான் கூட்டிப் போறேன்."

கர்ணன் இல்லை என்று தலையை ஆட்டினார். அப்போதுதான் அவள் பார்த்தாள். அவர் கை இன்னும் சிம்ரனின் கையை விடவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட, மாப்பிள்ளை கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் காத்திருக்காகங்க."

"இருக்கட்டும்த்தா" என்றார் கர்ணன். "எந்தக் கல்யாண வீட்லயும் நான் கடைசி வரைக்கும் ஒக்காந்ததில்ல. இன்னும் செத்த ஒக்காந்துக்கிறேன்."

சிம்ரன் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.